மிளகை வாரத்துக்கு விட்ட கதை

பதின்மூன்று வருஷம் நான் ஒரு மிருகத்துக்குத் தீனி போட்டேன். அப்படியொரு மிருகம் உலகத்திலேயே இல்லை என்பது வேறு விஷயம். இருக்கிற ஆட்டுக்கு ஒருநாள் தழை குறைந்தால் அது கத்தும், நாம் ஏசுவோம், அதோடு தீர்ந்தது. இல்லாத மிருகத்துக்குத் தீனி குறைந்தால் சவுதி தம்மாமிலிருந்து போன் வரும்.

என் கணவர் சித்தீக்கும், சகாயராஜ் அண்ணனும், ரெங்கசாமியும் தஞ்சாவூரில் ஒன்றாகப் பாலிடெக்னிக் படித்தவர்கள். மூன்று பேருக்கும் ஊர் நீடாமங்கலம். ஒரே ரயிலில் போய் ஒரே ரயிலில் திரும்பியவர்கள். அப்போது ரெங்கசாமியின் சித்தப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து ஒரு விளையாட்டுப் புத்தகம் கொண்டுவந்தான். பலகை கிடையாது, வெறும் புத்தகமும் பகடையும்தான். ஒருவர் கதை நடத்துவார். 'சதுப்புக் காட்டுக்குள் நுழைகிறீர்கள், தூரத்தில் புகை தெரிகிறது' என்பார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். வாள்வீரனாக இருப்பவர் 'நான் புகையை நோக்கிப் போகிறேன்' என்று சொல்ல வேண்டும். போனதில் தப்பித்தானா மாட்டினானா என்பதை இருபது முகம் கொண்ட பச்சைப் பகடை ஒன்று முடிவு செய்யும். மீசை வைத்த ஆண்பிள்ளைகள் ரெங்கசாமியின் உரக்கடை மாடியில், யூரியா மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, இதை வருஷக்கணக்கில் செய்தார்கள்.

பெண் கேட்டு வந்தபோது இதையெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்குக் குடி இல்லை, பீடி இல்லை என்றுதான் சொன்னார்கள்.

கதை நடத்துகிறவர் சகாயம் அண்ணன். சித்தீக் வாள்வீரன். ஒருநாள் அந்த வாள்வீரன் சதுப்புக் காட்டில் ஒரு முட்டையை எடுத்தான். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான். உடைத்து ஆம்லெட் போடலாம் என்று ரெங்கசாமி சொன்னாராம். இவர் கேட்கவில்லை. அடைகாத்தார். உடும்பு மாதிரி ஒரு குட்டி பொரிந்து வந்தது. ஆறு கால், வௌவால் இறக்கை, உடம்பெல்லாம் கறுப்பு. அப்போது உள்ளங்கைக்குள் அடங்கியதால் மிளகு என்று பெயர் வைத்தார். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அது எருமைக்கன்று அளவுக்கு வளர்ந்திருந்தது.

இதில் ஒரு கூத்து உண்டு. மிருகங்களைப் பழக்கி வளர்ப்பது பற்றி அந்தப் புத்தகத்தில் தனி அத்தியாயமே இருந்தது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று தஞ்சாவூரில் ஜெராக்ஸ் எடுத்தார்கள். கடைக்காரர் அந்த அத்தியாயத்தில் ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் எடுத்துக் கொடுத்துவிட்டார். புத்தகம் சிங்கப்பூருக்குத் திரும்பிப் போன பிறகுதான் பார்த்தார்கள். ஆகவே மிருகத்துக்கு எப்படிப் பசிக்கும் என்பது இருந்தது, அது எப்படி அடங்கும் என்பது இல்லை. இல்லாததை இவர்களே உட்கார்ந்து எழுதினார்கள். மூலத்தில் என்ன இருந்ததோ தெரியாது, இவர்கள் எழுதியது முழுக்க நம் ஊர் மாட்டுக்கொட்டகைச் சட்டம். வெள்ளிக்கிழமைதோறும் தீனி போட வேண்டும். மூன்று வெள்ளி தவறினால் மிருகம் காட்டுக்கு ஓடிவிடும், போனது போனதுதான். கையால் தீனி போடுகிறவர் குரலுக்கு மட்டும்தான் அது கட்டுப்படும்.

இரண்டாயிரத்தில் சித்தீக்குக்குத் தம்மாமில் ஏசி மெக்கானிக் வேலை வந்தது. எனக்கு அப்போது ஐந்து மாதம். கிளம்புவதற்கு நாலு நாள் முன்பு மூன்று பேரும் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பற்றியோ வயிற்றுப் பிள்ளையைப் பற்றியோ இல்லை. மிளகுக்கு யார் தீனி போடுவது என்று.

"நான் போடுறேன்டா" என்றார் ரெங்கசாமி.

"ஆம்லெட் போடப் பாத்த பய நீ" என்றார் இவர்.

சகாயம் அண்ணனால் முடியாது. கதை நடத்துகிறவரே மிருகமும் வளர்த்தால் நியாயம் கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. நான் டீ கொண்டுபோய் வைத்தேன். வைத்துவிட்டுச் சும்மா வந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"வாரத்துக்கு விட்டுட்டுப் போங்களேன்" என்றேன்.

என் அத்தா பொதக்குடியில் கறிக்கடை வைத்திருந்தவர். எப்போதும் ஏழெட்டு ஆடுகளை வாரத்துக்கு விட்டிருப்பார். ஆடு நம்முடையது, வளர்ப்பு இன்னொருவருடையது. ஈனுகிற குட்டியில் ஆளுக்குப் பாதி. வளர்க்கிறவருக்கு முடியாமல் போனால் இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு ஆட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். உடையவர் அந்த இடத்திலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும், மறு பேச்சு கிடையாது. நான் கிண்டலுக்குச் சொன்னதை அந்த மூன்று பேரும் பிடித்துக்கொண்டார்கள். சகாயம் அண்ணன் அந்த நிமிஷமே நோட்டை எடுத்துப் பத்திரம் மாதிரி எழுதினார். மேற்படி மிருகத்தை மேற்படியார் தம் மனைவி தஹ்மீனாவிடம் வாரத்துக்கு விடுவதாகவும், இடும் முட்டையில் பாதி அவருக்குச் சேரும் என்றும், ஷரத்துகள் ஊர் வழக்கப்படி என்றும். நான் கையெழுத்துப் போட்டேன். பதின்மூன்று வருஷத்தில் மிளகு ஒரு முட்டைகூட இடவில்லை. என் பங்கு பாதி சைபர்.

எனக்கு வேண்டியிருந்தது முட்டை இல்லை. இந்த மனுஷன் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சவுதி, துபாய், சிங்கப்பூர். பயணம் முடிவான ஆளைப் பெண்டாட்டி 'போகாதீங்க' என்று மறிக்கக் கூடாது. மறித்த வாய் பிறகு எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். எதிர்வீட்டுப் பாத்திமா ஒரு தடவை அழுது புரண்டு வீட்டுக்காரரை நிறுத்திவிட்டாள். அவர் இங்கே செருப்புக்கடை வைத்தார், ஓடவில்லை. இன்றைக்கும் அந்த வீட்டில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால்கூட 'அவ மறிச்சாள்ல' என்கிறது தெரு. நான் வாயை மூடிக்கொண்டு பெட்டி கட்டினேன். இவர் போனார்.

முதல் வெள்ளிக்கிழமையே வம்பு வந்தது. தீனி போடுவதென்றால் பகடை உருட்டுவதுதான், அடுக்களையில் வைத்து உருட்டினேன். மாமி பார்த்துவிட்டார்.

"ஜும்ஆ நாளுமா அதுவுமா வீட்டுக்குள்ள சூதாடுறியாடீ?"

மிருகம், சதுப்புக் காடு, உங்கள் மகன் வாள்வீரன் என்று நான் விளக்கியதில் விஷயம் இன்னும் மோசமாயிற்று. சகாயம் அண்ணன்தான் வழி சொன்னார். பகடை வேண்டாம். ஒன்று முதல் இருபது வரை துண்டுச் சீட்டில் எழுதி பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுத்தால் போதும். சீட்டுக் குலுக்குவதில் மாமிக்கு ஆட்சேபம் இல்லை. பசிக்கு ஒரு சீட்டு, கோபத்துக்கு ஒரு சீட்டு, பழக்கத்துக்கு ஒரு சீட்டு, அதற்குத் தகுந்தபடி எத்தனை கிலோ கறி என்று நோட்டில் எழுத வேண்டும். ஐந்துக்குக் கீழே வந்தால் சேதம். பதினெட்டுக்கு மேலே வந்தால் புதுசாக ஒரு வார்த்தை கற்றுக்கொள்ளும். மூன்றாவது மாதத்தில் மாமியே தொழுகை முடித்து வந்து டப்பாவைக் குலுக்க ஆரம்பித்தார்.

"என்னடீ, இன்னிக்கும் கடிச்சிச்சா?" என்பார்.

"வேலிய ஒடச்சிடுச்சு மாமி."

"எருமக்கறிய ஒரு கிலோ கூடப் போடு. பசியிலதான் பண்ணுது."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இவர் கூப்பிடுவார். முதலில் மூலைக்கடை எஸ்டிடி பூத்துக்கு, பிறகு வீட்டுக்கு லேண்ட்லைன், பிறகு செல்போன். கருவி மாறியது, கேள்வி மாறவில்லை. "மிளகு எப்படி இருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. நான் எப்படி இருக்கிறேன் என்பது நாலாவதோ ஐந்தாவதோ வரும், சில நாள் கார்டு தீர்ந்து வராமலே போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் சொல்வேன். இறக்கை முளைத்துவிட்டது, இன்றைக்கு 'இரு' என்றால் இருக்கிறது, ரெங்கசாமி அண்ணனுடைய மந்திரவாதியின் செருப்பைத் தின்றுவிட்டது என்று. சொல்லச் சொல்ல அவர் சிரிப்பார். எட்டுப் பேர் படுக்கிற அறையில் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. அதைக் கேட்பதற்காக நான் சீட்டில் இல்லாததையும் இரண்டு சேர்த்துச் சொன்னதுண்டு.

ஹஃப்ஸா பிறந்தாள், வளர்ந்தாள். மூன்றாம் வகுப்புப் பரீட்சையில் 'என் வளர்ப்புப் பிராணி' என்று கட்டுரை கேட்டிருக்கிறார்கள். 'எங்கள் மிளகுக்கு ஆறு கால். எங்கள் அத்தா சவுதியில் இருப்பதால் அம்மாதான் அதற்குக் கறி போடுகிறார். அது மூன்று பேரைக் கடித்திருக்கிறது' என்று எழுதி வைத்துவிட்டாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பி, நாய்க்கு ஊசி போட்டாயிற்றா என்று கேட்டார்.

சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் பதின்மூன்று வருஷம் சிரிக்க முடியாது. காய்ச்சலானாலும் வெள்ளி வரும். பெருநாளானாலும் வெள்ளி வரும். யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, யானையையாவது நாலு பேர் வந்து பார்ப்பார்கள். இவர் இடையில் நாலு தடவை லீவில் வந்தார், தடவைக்கு இரண்டு மாதம், ஆட்டத்துக்கு உட்காரக்கூட நேரம் இல்லாமல் சொந்தபந்தம் பார்க்கவே போய்விடும். மொத்தம் எட்டு மாதக் குடித்தனம். மற்ற நாளெல்லாம் நானும் மிளகும்தான்.

ஆறாவது வருஷம் மாமி மௌத்தானார். இவருக்கு லீவு கிடைக்கவில்லை. அடக்கம் வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளி. வீடு நிறைய ஆள். நான் டப்பாவை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சீட்டு எடுத்தேன். கோபத்துக்கு இரண்டு வந்தது. சாயங்காலம் போன் வந்தபோது மாமியைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். கடைசி நேரம் எப்படி இருந்தது, வலித்ததா, தன் பேரைச் சொன்னாரா என்று கேட்டால் சொல்வதற்கு எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தேன்.

"மிளகு எப்படி இருக்கு?" என்றார்.

"வேலிய ஒடச்சிடுச்சு" என்றேன்.

அவர் அழ ஆரம்பித்தார். வேலி போச்சா, வேலி போச்சா என்று பத்து நிமிஷம் அழுதார். பாவி மனுஷன். நான் போனைக் காதில் வைத்தபடி நின்றேன்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் சவுதியில் சட்டம் மாறியது. உள்ளூர்க்காரர்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று ஆட்களைக் குறைத்தார்கள். ஜூன் மாதம் இவர் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். ஆற்றில் தண்ணீர் வரவில்லை, குறுவை கிடையாது, ஊரே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தது. நான் மட்டும் சந்தோஷமாக இருந்தேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

வந்தவருக்கு வீட்டில் இருக்கத் தெரியவில்லை. சோப்பையும் பிரஷ்ஷையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் குளியலறைக்குக் கொண்டுபோவார், குளித்துவிட்டுத் திரும்ப அறைக்கே எடுத்துவருவார். "இங்கயே வைங்களேன், யாரு எடுக்கப் போறா?" என்றால் "ஆமால்ல" என்பார். மறுநாளும் பையோடு போவார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவார். எதற்கெடுத்தாலும் கேட்பார். ஃபேன் போடட்டுமா, கதவைச் சாத்தட்டுமா. அவருடைய வீடு, அவர் காசில் போட்ட கதவு. எனக்குச் சில நேரம் பாவமாக இருக்கும், சில நேரம் அலுப்பாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சகாயம் அண்ணனும் ரெங்கசாமியும் வர ஆரம்பித்தார்கள். எங்கள் முன்னறையிலேயே ஆட்டம். மூன்று பேருக்கும் வெள்ளெழுத்து. நோட்டைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படிப்பார்கள். முதல் நாள் இவர் குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தார். வாள்வீரன் பதின்மூன்று வருஷம் கழித்துச் சதுப்புக் காட்டுக்குத் திரும்புகிறான். பஸ் அளவுக்கு வளர்ந்த மிளகு வேலிக்குள் படுத்திருக்கிறது.

"நான் கையை நீட்டி 'வா'ங்குறேன்" என்றார் இவர்.

சகாயம் அண்ணன் நோட்டைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"அது தலையத் தூக்கி உன்னப் பாக்குதுடா. பாத்துட்டுத் திரும்பிப் படுத்துக்குது."

"ஏன்டா?"

"தீனி போட்ட கொரலுக்குத்தான் அடங்கும். நீதான எழுதுன."

ரெங்கசாமி விழுந்து விழுந்து சிரித்தார். "உள்ளேருந்து கூப்புடுங்கடா, மொதலாளியம்மாவ" என்றார். நான் அடுக்களையிலிருந்தே "வா" என்றேன். மிளகு எழுந்து ஓடிவந்ததாக அண்ணன் சொன்னார். இவரும் சிரித்தார். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

அதற்குப் பிறகு தீனி போடுவதை அவரே எடுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை டப்பாவை என் பக்கம் நகர்த்திவைப்பார். "நீ எடு, உனக்குத்தான் ராசி" என்பார்.

ஆகஸ்டில் கத்தார் வந்தது. தம்மாமில் கூட இருந்த ஹஸ்ஸான் இப்போது அங்கே சூப்பர்வைசர். இரண்டு வருஷ ஒப்பந்தம், விசா ரெடி என்று போன் செய்தான். இவர் போனை வைத்துவிட்டு அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"ஹஸ்ஸான் கூப்புடுறான். என்ன சொல்ற?"

போகாதீங்க என்பதுதான் நெஞ்சில் இருந்தது. வாயில் வந்தது இதுதான்.

"உங்க இஷ்டம்."

"இல்ல, நீ சொல்லு."

"நான் என்னங்க சொல்ல இருக்கு?"

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார். மெடிக்கல் எடுத்தார், போட்டோ எடுத்தார். மூன்று மாதம் இழுத்தது. அந்த மூன்று மாதமும் பாஸ்போர்ட் முன்னறை மேஜைமேலேயே கிடந்தது. நான் துடைக்கும்போதெல்லாம் தூக்கித் துடைத்துத் திரும்ப அங்கேயே வைத்தேன்.

தூக்கம் இல்லாமல் யோசித்தால் புத்தி இப்படித்தான் போகும். எனக்கு ஒரு யோசனை வந்தது. அவரை மறிக்கக் கூடாது, சரி. மிருகத்தைத் திருப்பிக் கொடுக்கலாமே. வாரத்துக்கு வாங்கியவள் நான். எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம், உடையவர் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். அவர் கத்தாரில் வேலை செய்யும்போது வெள்ளிக்கிழமை இங்கே யார் சீட்டு எடுப்பது? ரெங்கசாமியிடம் கொடுக்க மாட்டார். மூன்று வெள்ளியில் மிளகு போய்விடும். தாய்க்கு அழாதவர் வேலிக்கு அழுதவர். மிளகை விடமாட்டார். மிளகை விடாவிட்டால் போகமாட்டார். சிரிக்காதீர்கள். எனக்கு அப்போது அது வைரம் மாதிரி உறுதியாகத் தெரிந்தது.

நவம்பரில், அவர் கிளம்புவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மூன்று பேரும் உட்கார்ந்திருந்தபோது நானும் போய் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். டப்பாவை இவர் முன்னால் வைத்தேன்.

"வாரத்துக்கு வாங்குனத திருப்பிக் குடுக்குறேன். சாட்சி ரெண்டு பேரும் இருக்காங்க" என்றேன்.

ரெங்கசாமி சிரிக்கப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"ஏன் தங்கச்சி?" என்றார் சகாயம் அண்ணன்.

"அலுத்துப் போச்சு அண்ணே. பதிமூணு வருஷம்."

அது பொய்யும் இல்லை. எனக்கு உண்மையிலேயே அலுத்திருந்தது. ஆனால் அதற்காக நான் கொடுக்கவில்லை. இவர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வார். போகவில்லை, நானே வளர்த்துக்கொள்கிறேன் என்பார்.

"சரிதான். அவளும் எத்தன நாளைக்குத்தான் பாப்பா" என்றார். "காட்டுக்கே விட்டுடலாம்டா சகாயம்."

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்று வெள்ளிகூடக் காக்கவில்லை. பதின்மூன்று வருஷம் கறி போட்டு வளர்த்ததை, டீ ஆறுவதற்குள் விட்டுவிட்டார்.

சகாயம் அண்ணன் என்னைப் பார்த்தார். அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் நியாயஸ்தர், கதையில் இருப்பதைத்தான் சொல்வார்.

"அவன் சொன்னா அது போகாது தங்கச்சி. நீங்கதான் சொல்லணும்."

வேலிக் கதவைத் திறந்துவிட்டதாகச் சொன்னார். மிளகு வாசலில் வந்து நின்று என்னைத் திரும்பிப் பார்ப்பதாகச் சொன்னார். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஆறு காலும், மடக்கிய இறக்கையும், ஐந்தாவது வருஷம் உடைந்து வளைந்து முளைத்த முன்பல்லும். இல்லாத மிருகத்துக்காக ஒரு பொம்பளை நாலு பேர் முன்னால் அழலாமா? முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

"போ" என்றேன்.

"போயிடுச்சு" என்றார் சகாயம் அண்ணன். நோட்டில் தேதி போட்டு மூடினார். ரெங்கசாமி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, மழை வரும் போல இருக்கு என்று எதையோ சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை திருச்சி ஏர்போர்ட்டுக்கு வேன் பிடித்தோம். எங்கள் ஊர் ரயில்வே கேட் எமனையே காக்க வைக்கும். அன்றைக்கு நாற்பது நிமிஷம் மூடிக் கிடந்தது. ஒரு கூட்ஸ் போனது, என்ஜின் மட்டும் தனியாகத் திரும்பி வந்தது, மன்னார்குடி வண்டி போனது. வேனில் ஹஃப்ஸா தூங்கிவிட்டாள். டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போனார். நானும் இவரும் மட்டும் விழித்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நாற்பது நிமிஷத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேட் திறந்தால் நேரத்துக்குப் போய்விடுவோம் என்றுதான் சொன்னேன்.

கத்தாரிலிருந்து முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது.

"சாப்ட்டியா?"

"ஆச்சு. நீங்க?"

"ஆச்சு. புள்ள?"

"டியூசன் போயிருக்கா."

"மழ பெய்யுதா?"

"தூறுது."

அவ்வளவுதான். பேச்சு தீர்ந்துவிட்டது. முன்பெல்லாம் முக்கால் மணி நேரம் என்ன பேசினோம் என்று நினைத்துப் பார்த்தேன். வேலி, பல், இறக்கை, எத்தனை கிலோ கறி. அதை எடுத்துவிட்டால் எங்களுக்கு நடுவில் சாப்பாடும் மழையும்தான் இருந்தன. அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. இவர் போனை வைக்கவில்லை.

"அத நான் ஏன் கேட்டுக்கிட்டே இருந்தேன்னு தெரியுமா?" என்றார் கடைசியில். "எனக்குப் போன்ல பேச வராது தஹ்மீனா. மிளகப் பத்திக் கேட்டாத்தான் நீ நாலு வார்த்த சேத்துப் பேசுவ. கோவமாப் பேசுனாலும் பேசுவ. உன் கொரலு கேக்கும்."

"அப்பறம் ஏன் அவ்வளவு சுலபமா விட்டீங்க?"

"நீ அலுத்துப் போச்சுன்னு சொன்ன. உனக்கு இன்னும் என்னத்த சொமக்கக் குடுக்குறதுன்னு விட்டேன்."

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்றிருந்தது.

"நான் அலுத்துப் போயித் திருப்பிக் குடுக்கல. அதக் குடுத்தா நீங்க போக மாட்டீங்கன்னு நெனச்சேன்."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் விலகியது, வெளியே நடந்து வந்திருப்பார்.

"அத வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே."

"பயணம் போறவங்கள மறிக்கக் கூடாதேங்க."

"மூணு மாசம் பாஸ்போர்ட்ட மேசமேலயே போட்டு வச்சிருந்தேனே, எதுக்கு? என்னைக்காவது நீ அத எடுத்து பீரோவுல வச்சுப் பூட்டுவ, நான் பேசாம இருந்துடலாம்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன். நீ தினம் தொடச்சுத் தொடச்சு வச்ச."

முன்னறை மேஜையைத் திரும்பிப் பார்த்தேன், வெறுமையாகக் கிடந்தது.

"இப்ப பாஸ்போர்ட்டு எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"கம்பெனியில வாங்கி வச்சுக்கிட்டாங்க" என்றார். "ரெண்டு வருசம் கழிச்சுத்தான் தருவாங்களாம்."